முதல் மணி வகுப்பும் காலி வயிறும்
(சென்னையில் முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் துறைத் தலைவர்களே, விடுதிக் காப்பாளர் ஐயா அவர்களே, அலுவல்களுக்கு இடையிலும் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த மாணவர் பேரவைக்குத் தனி நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"டென்ஷன் எல்லாம் மனசுலதான்" என்று வீட்டில் சொல்வார்கள். 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளைக் குளிரிலும் வேறு பல துன்பங்களிலும் வைத்துப் பார்த்தார். துன்பம் எதுவானாலும் உடம்பில் நடந்தது ஒன்றுதான். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பை, குடல் பக்கம் புண் வந்தது. மனசோடு நின்றுவிடுகிற சமாச்சாரமா இது?

ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்கு ஊர் தென்காசிப் பக்கம். முதல் இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி, மணி ரெண்டு. "நெஞ்சு அடிச்சுக்குதுடா, விரல் மரத்துப்போகுதுடா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். அறைத் தோழர்கள் 108-ஐக் கூப்பிட்டார்கள். சரியான காரியம், நெஞ்சுப் படபடப்பை நாமாகவே "டென்ஷன்" என்று முடிவுகட்டக் கூடாது. ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. டியூட்டி டாக்டரம்மா கேட்டார்: "காலையில என்ன சாப்பிட்டே?" "டீ, மேடம்." "மதியம்?" "டீயும் சமோசாவும்." "ராத்திரி?" இவன் வாயைத் திறப்பதற்குள் தோழன் முந்திக்கொண்டான்: "மூணு டீ மேடம், காசு நான்தான் குடுத்தேன்!" (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அந்த உடம்புக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். டீயில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்ததில் பாதி மூன்று மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அதோடு பயத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஊறுகிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரத்துப்போகிறது. டாக்டர் பார்த்து வேறு கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியது எளிது: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கடைசி டீ மாலை நாலு மணிக்கு. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

இனி சாப்பாடு. மூன்று இட்லி, சாம்பார், கூட ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். இட்லி மட்டும் என்றால் பதினோரு மணிக்கே பசிக்கும், புரதம் சேர்ந்தால் தாங்கும். நேரமில்லையா? பழைய சோறும் மோரும். அதற்கும் வழியில்லை என்றால் பையில் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை.

ஆனால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஷிப்டுக்குச் செங்கல்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ரயில் ஏறி வருகிற பிள்ளை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டச் சொல்லும்? எட்டு மணிக்கு வகுப்பு, ஏழரைக்கு மெஸ் என்றால் வரிசையில் நிற்கவே நேரம் போய்விடும். சுவர் இருந்தால்தான் சித்திரம். சுவருக்கு மண் குழைக்க யார் நேரம் தருவது?

இதே சென்னையில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், 1920-ல் பி. தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மதிய உணவு போட்டது. 2022 செப்டம்பர் 15-ல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. பசி ஐந்தாம் வகுப்போடு முடிகிறதா? கல்லூரிக்கும் அது வர வேண்டும் என்று போகிற மேடையெல்லாம் கேட்கிறேன், இங்கும் கேட்கிறேன்.

உடற்பயிற்சிக்கு நேரமில்லை; செயலாளர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். வாரம் 150 நிமிட வேக நடை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள்; அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

காப்பாளர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம்: மெஸ்ஸை ஆறரைக்குத் திறக்க வேண்டும். மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது. விடுதி மாணவர்கள் அறை எண்ணோடு கையெழுத்திடுங்கள். ரயிலில் வருகிறவர்கள் ஏறும் நிலையத்தையும் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.