கொடி ரோஜாவுக்கு இலைதான் முதல்

நேயர்களுக்கு வணக்கம்.

கொடி ரோஜா வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "கொடி மாடி வரைக்கும் ஏறிவிட்டது. உச்சியில் நாலைந்து பூ இருக்கிறது. இடுப்பு உயரம் வரை இலையே இல்லை, வெறும் முள்ளும் குச்சியுமாக நிற்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். இந்தச் செடிக்கு முதலில் வேண்டியது கயிறு.

பாகலுக்கும் புடலைக்கும் பற்றிக்கொள்ளச் சுருள் கம்பி இருக்கிறது. அவரை தன் தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறும். ரோஜாவுக்கு இந்த இரண்டும் கிடையாது. காட்டில் அது பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து, கீழ்நோக்கி வளைந்த முள்ளைக் கிளையில் மாட்டிக்கொண்டு மேலே போகும். வீட்டில் நாம்தான் கட்டிவிட வேண்டும். எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் இலையும் பூவும் இருக்கின்றன. தண்டை நேராக மேலே விட்டால் நுனி மட்டும் ஓடும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற பொருள் கீழே இறங்கி, ஒவ்வொரு இலைக்கணுவிலும் இருக்கும் மொட்டைத் துளிர்க்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். அதே தண்டைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டிப் பாருங்கள். நுனியின் பிடி தளர்ந்து, கணுவுக்குக் கணு பக்கக் கிளை கிளம்பும். அந்தக் கிளைகளில்தான் பூ வரும். தண்டு நெடுக இலையும் வரும்.

சுவர் என்றால் விசிறி மாதிரி இரண்டு பக்கமும் பரப்பிக் கட்டுங்கள். தூண் என்றால் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். தண்டு இளசாக, பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். முற்றினால் வளையாது, ஒடிந்துவிடும். சணல் கயிறோ பழைய பருத்தித் துணியோ போதும். தண்டு பருக்க இடம் விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், அது தோலை அறுத்து நோய்க்கு வழி செய்யும்.

ஏற்கெனவே அடி மொட்டையாகிவிட்ட கொடிக்கும் வழி இருக்கிறது. இருப்பதிலேயே வயதான ஒரு தண்டை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து புதுத்தண்டு வரும், அதைப் படுக்கவைத்துக் கட்டுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பழைய தண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். புதர் ரகத்திலிருந்து தானாகக் கொடியாக மாறிய ரகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நட்ட முதல் இரண்டு வருடத்தில் கடுமையாகக் கவாத்து செய்தால், சில திரும்பவும் புதராகவே போய்விடும்.

அப்புறம் காற்று. சுவரை ஒட்டியே நட்டு, சுவரிலேயே ஆணி அடித்துக் கட்டுவது நம் ஊரில் வழக்கம். குழியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தோண்டுங்கள். கொடி படரும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அரை அடி இடைவெளி விடுங்கள். இலைக்குப் பின்னால் காற்று ஓடினால் பாதி நோய் குறைந்துவிடும் என்று தயங்காமல் சொல்வேன். எதனால் என்று தெரிந்துகொள்ள, கரும்புள்ளி நோய் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கரும்புள்ளி ஒரு பூஞ்சை. அதன் வித்து இலையில் விழுந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அந்த வித்து முளைத்து உள்ளே நுழையும். பிறகு ஒரு வாரத்துக்குள், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும் கருப்பு வட்டங்கள் தெரியும். சுற்றிலும் மஞ்சள் படரும், இலை உதிரும். பெரும்பாலும் அடி இலையில்தான் தொடங்கும். உதிர்ந்த சருகில் கிடக்கும் வித்து, மழைத்துளி தெறிக்கும்போது தெறித்து அடி இலைக்கு ஏறுகிறது. கொடைக்கானலில் மூடுபனி இறங்கினால் மத்தியானம் வரை இலை காயாத நாட்கள் உண்டு. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை அதே வேலையைச் செய்யும். பனியையும் மழையையும் நாம் நிறுத்த முடியாது. ஆனால் நாம் ஊற்றும் தண்ணீர் நம் கையில் இருக்கிறது. சாயங்காலம் குழாயைப் பிடித்து இலையெல்லாம் நனையும்படி அடிப்பது கரும்புள்ளிக்கு நாமே விருந்து வைப்பதுபோல. காலையில், வேரில், ஆழமாக ஊற்றுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அடியில் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு போட்டால் மண்ணிலிருந்து தெறிப்பது நின்றுவிடும். தேங்காய் நாரோ காய்ந்த நல்ல இலையோ எதுவானாலும் சரி.

சாம்பல் நோயின் குணம் வேறு. அதற்கு இலையில் தண்ணீர் தேங்க வேண்டியதில்லை. பகலில் காய்ந்த வெயிலும் இரவில் குளிர்ந்த ஈரக்காற்றும் சேர்ந்தால் போதும். சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் கொழுந்து சுருண்டு, மொட்டின் காம்பு வரை வெள்ளை மாவு தூவினாற்போல் ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர் காய்ந்து கிடக்கும் செடியை இது முதலில் பிடிக்கும். சுவரோரம் கூரை மறைப்பில் மழையே படாமல் நிற்கும் கொடிகளுக்கு இதனால்தான் அடிக்கடி வருகிறது. யூரியாவை அள்ளிப் போடுவதும் இன்னொரு காரணம். தழைச்சத்து மிதமிஞ்சினால் கொழுந்து நீர்த்துப்போய் வளரும். பூஞ்சைக்கும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் அதுதான் வேண்டும். மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் மெதுவாகத்தான் சத்தைக் கொடுக்கும். ரோஜாவுக்கு அந்த நிதானம் பொருந்தும்.

திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடையில் வரும் தொல்லை செஞ்சிலந்தி என்ற மிகச் சிறிய சாறுறிஞ்சி. இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் நுண்ணிய வலை இருக்கும். மேற்கு வெயில் அடிக்கும் சூடான சுவரில் இது வெகு வேகமாகப் பெருகும். அதனால் சமவெளியில் கொடி ரோஜாவுக்குக் கிழக்குப் பார்த்த இடம்தான் என் தேர்வு. காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் சூடு தப்பும். செஞ்சிலந்தி கண்டால் காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். சில நாள் விட்டுவிட்டு இப்படிச் செய்யலாம். அந்த வெயிலில் இலை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கரும்புள்ளிக்குப் பயப்பட வேண்டாம். கடையில் சொன்னார்கள் என்று கடுமையான பூச்சிமருந்து அடித்தால், சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும். அப்புறம் செஞ்சிலந்தி முன்பைவிட அதிகமாகும்.

மஞ்சள் இலை எல்லாமே நோய் இல்லை. இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. ரோஜாவுக்குச் சற்றே புளிப்பான மண், அதாவது கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருக்கும் மண் பிடிக்கும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் சுண்ணாம்புத் தன்மை உள்ளது. அதையே ஊற்ற ஊற்ற, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். முடிந்தவர்கள் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அடியில் இருக்கும் பழைய இலைகள் ஒரே சீராக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை, அதற்கு உரம் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில நாள் இலையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டி எடுத்தாற்போல் அழகான வட்டங்கள் காணாமல் போயிருக்கும். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. தன் குஞ்சுக்கு அறை கட்ட அந்தத் துண்டுகளைக் கொண்டுபோகிறது. செடிக்கு அதனால் நஷ்டமில்லை. தயவுசெய்து அதற்காக மருந்து அடிக்காதீர்கள்.

சரி, மருந்து. இவ்வளவும் செய்த பிறகும் நோய் வந்தால், சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம். கரும்புள்ளிக்கு கார்பெண்டசிம் லிட்டருக்கு 1 கிராம். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும், ஆகவே தாமிர மருந்துடன் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மருந்து பட்ட பூவைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், குல்கந்துக்கும் எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மருந்தைவிட முக்கியம் ரகம். நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் பல கொடி ரகங்கள் குளிர்நாடுகளுக்காக உருவானவை. அங்கே குளிர்காலத்தில் இலை கொட்டி, செடி ஓய்வெடுக்கும். நமக்கு அந்த ஓய்வே இல்லை. வருடம் முழுவதும் இலை இருப்பதால் பூஞ்சைக்கும் வருடம் முழுவதும் சாப்பாடு. கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜா ரகங்களை உருவாக்கிய எம். எஸ். வீரராகவன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், இதற்கு நம் நாட்டுக் காட்டு ரோஜாவிடமே விடை தேடினார். மணிப்பூர் மலைகளிலும் பர்மாவிலும் வளரும் ரோசா ஜைகாண்டியா என்ற பெருங்கொடி அது. 1882இல் மணிப்பூரில் அதைச் சேகரித்தவர் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட். உயரமான மரங்களின் மேலேறி, உள்ளங்கை அகலத்துக்கு வெண்மஞ்சள் பூ பூக்கும். இலை உதிராமல் பளபளவென்று தொங்கும். அதைத் தோட்ட ரோஜாக்களுடன் கலந்து, வெப்ப நாடுகளிலும் இலையோடு நிற்கும் கொடிகளை வீரராகவன் உருவாக்கினார். ஒன்றுக்கு அந்த ஜார்ஜ் வாட்டின் பெயரையே வைத்தார். ரோஜாவை அதன் இலையிலிருந்து யோசிக்கத் தொடங்கிய அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அவருடைய ரகங்கள் எல்லா ஊர்ப் பண்ணையிலும் கிடைக்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள். அடைமழை முடிந்ததும் உங்கள் தெருவிலும் பக்கத்து ஊரிலும் இருக்கும் கொடி ரோஜாக்களைப் போய்ப் பாருங்கள். மருந்தே அடிக்காமல், முழங்கால் உயரத்திலும் இலை உதிராமல் எது நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, பூத்து முடிந்த பென்சில் கனத் தண்டில் ஒரு சாண் குச்சி வாங்கி வாருங்கள். கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணல் கலந்த மண்ணில் பாதி புதையும்படி நடுங்கள். நிழலில் வையுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். அதுவரை இழுத்துப் பார்க்காதீர்கள்.

வணக்கம்.