கட்டிலருகே ஒரு ஸ்கேன்

நேயர்களுக்கு வணக்கம். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளைப் பற்றிக் குமுளிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு ஜீப் கவிழ்ந்து, மேலுக்குக் கீறல்கூட இல்லாத ஒரு பெண் "வயிறு லேசா வலிக்குது" என்று வந்து உட்கார்ந்தால், பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் அறிய வேண்டியது உள்ளே இரத்தம் கசிகிறதா என்பதைத்தான். தேனிக்கோ கோட்டயத்துக்கோ எத்தனை அவசரமாக அனுப்புவது என்பது அதைப் பொறுத்தது.

இதற்கென்றே 'ஃபாஸ்ட்' என்றொரு சோதனை இருக்கிறது. இதயத்தைச் சுற்றி, கல்லீரலருகே, மண்ணீரலருகே, அடிவயிற்றில் என நான்கு இடங்களை மட்டும் மருத்துவரே கட்டிலருகே அல்ட்ராசவுண்டில் பார்ப்பார். மல்லாந்து படுத்திருப்பவரின் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே தாழ்வான ஓர் இடுக்கு உண்டு. மழைநீர் பள்ளத்தில் தேங்குவதுபோல் இரத்தம் அங்கே தேங்கித் திரையில் கறுப்பாகத் தெரியும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் அந்த இடுக்கின் நடுப்பகுதி தெளிவாகத் தெரிந்ததுமே ஸ்கேன் கருவி பிடித்த கையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிறிதளவு இரத்தம் பெரும்பாலும் கல்லீரலின் கீழ்நுனியருகேதான் முதலில் தென்படும். ஆகவே கையை மெல்லச் சாய்த்துச் சாய்த்து நுனிவரை பார்க்க வேண்டும் என்பதை நான் சலிக்காமல் சொல்லிவருகிறேன். கல்லீரலின் அழகை வர்ணிக்கத் தொடங்குபவரிடம், "திரவம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்பேன். இல்லையென்று தெரிந்தாலும் கசிவே இல்லையென்று பொருளல்ல. சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

இந்தக் கைப்பழக்கம் ஒருநாள் பயிலரங்கில் வராது. ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் 25 முதல் 50 ஸ்கேன்கள் வரை செய்து, அவற்றை மூத்தவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க அவசர மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல். பெரும்பாலான இடங்களில் இயந்திரம் வந்துவிடுகிறது, சரிபார்க்கத்தான் ஆளில்லை. என் மனக்குறை அதுதான். மலைக்குக் கீழேயுள்ள மருத்துவக் கல்லூரிகள் வாரம் ஒருமுறை இந்தப் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். நுரையீரலை ஸ்கேனில் பார்ப்பது பற்றிப் பேச இனி இயலாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் இயந்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவமனைகள் அதை முடித்துவிட வேண்டும். நன்றி.