எக்ஸ் என்றால் எதற்குப் பயம்?

(பள்ளிக் கணித மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த கணக்கு ஆசிரியை அவர்களே, வேலையை விட்டு வந்திருக்கும் பெற்றோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சமன் குறி (=), எக்ஸ் என்னும் தெரியாத எண்ணைத் தனியாக்குவது, இதையெல்லாம் பழக ஓர் இடம்.

சமன் குறியை 1557-இல் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு. 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க இரண்டு இணைகோடுகள் போட்டார். பிள்ளைகள் பலர் அதை 'இனி விடை வரும்' என்ற அடையாளமாக நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பதே பொருள். இடப்புறம் 20-ஐக் கழித்தால் வலப்புறமும் கழிக்க வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம், இதுவும் போட்டுப் போட்டுத்தான் வரும்.

எங்கள் மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். 3எக்ஸ் + 20 = 110 என்று கொடுத்தேன். "அந்தப் பக்கம் போனா குறி மாறும் சார்" என்றவன், 20-ஐக் கழித்து, கையோடு 3-ஐயும் கழித்து, 87 என்றான். பெருக்கி நிற்கும் 3-ஆல் வகுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அழைத்துப்போக வந்த அவன் அம்மா தேங்காய் வியாபாரம் செய்பவர். "ஏம்மா, மூணு தேங்காய், இருபது ரூபாய்க்கு வெத்தலை, மொத்தம் நூத்திப்பத்து. ஒரு காய் என்ன விலை?" என்றேன். இடுப்புக் கூடையை இறக்காமலே சொன்னார்: "வெத்தலைக்கு இருபது போனா மிச்சம் தொண்ணூறு. காய் முப்பது." மகன் பலகையைப் பார்த்து, "எண்பத்தேழு வருதும்மா" என்றான். "எண்பத்தேழு ரூபாய்க்கு எவன்டா எங்கிட்ட வாங்குவான்?" என்றாரே பார்க்கலாம்! எக்ஸ் இருந்த இடத்தில் 30-ஐப் போடச் சொன்னேன். தொண்ணூறும் இருபதும் நூற்றுப்பத்து. முகம் மலர்ந்துவிட்டது.

அந்த வகுப்பு எங்கே நடக்கிறது தெரியுமா? தெருவிளக்கு வெளிச்சத்தில், கோயில் திண்ணையில். மழை வந்தால் விடுமுறை. பக்கத்திலேயே ஊர் நூலகக் கட்டடம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம்; பழக ஓர் இடம் வேண்டாமா? ஆறு மணி முதல் எட்டு மணி வரை திறக்கட்டும். ஒரு கரும்பலகை, இரண்டு விளக்கு போதும். சொல்லிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

தலைவர் அம்மா அடுத்துப் பேசவிருக்கிறார்கள். சாவி எப்போது கிடைக்கும் என்பதை இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.