நிலக்கரிக் கதை எழுதறீங்களா? சுரங்கத்தை வெடிக்க வைக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

(திரையில்: மேட்டூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். கீழே கரி ஏத்தின சரக்கு ரயில்.)

வணக்கமுங்க. கரிச் சுரங்கத்தை வெச்சுச் சிறுகதையோ நாவலோ எழுத நினைக்கற நம்ம கொங்குப் பக்கத்து ஆளுங்களுக்கான வீடியோ இது. கதை எப்படி எழுதறதுன்னு சொல்லித்தரப் போறதில்லை. சுரங்கம் எப்படி வேலை செய்யுது, எந்த இடத்துல ஆளைக் கொல்லுது, கரி எரிஞ்ச பிறகு மிஞ்சறது எங்க போகுது, இவ்வளவுதான்.

முதல்ல நெய்வேலி. கோபிச்செட்டிபாளையத்துப் பையன் நெய்வேலியில வேலைக்குச் சேர்றான், இருட்டுக் குகைக்குள்ள இறங்கறான், கூரை சரியுதுன்னு எழுதினா முதல் பக்கத்துலயே கதை படுத்துரும். நெய்வேலியில குகையே கிடையாது. அங்க இருக்கறது பழுப்பு நிலக்கரி, மேல இருக்கற மண்ணை அள்ளிட்டுத் திறந்தவெளியில எடுக்கறாங்க. கரி அடுக்குக்குக் கீழ அழுத்தத்தோட தண்ணி நிக்குது. ராவும் பகலும் பம்பு ஓட்டி அந்த அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்தோட தரை மேல எழும்பி உடையும். அதனால நெய்வேலிக் கதைன்னா நிலம் கொடுத்தவங்க கதை, கிணத்துத் தண்ணிக் கதை. குகைதான் வேணும்னா ஜார்க்கண்ட்ல ஜாரியா, மேற்கு வங்காளத்துல ராணிகஞ்ச் போங்க. பக்கத்துலயே வேணும்னா தெலங்கானாவுல சிங்கரேணி இருக்கு.

(திரையில்: தூண்களும் பாதைகளும் கட்டம் கட்டமா இருக்கற சுரங்க வரைபடம்.)

இப்ப குகைக்குள்ள போலாம். நம்ம நாட்டு நிலத்தடிச் சுரங்கத்துல பெரும்பாலும் தூண் முறைதான். கரி அடுக்குக்குள்ள குறுக்கும் நெடுக்குமா பாதை வெட்டுவாங்க. விதிப்படி பாதை அகலம் 4.8 மீட்டருக்கு மேல, உயரம் 3 மீட்டருக்கு மேல போகக்கூடாது. நடுவுல விட்ட கரியே தூணா நின்னு மேல இருக்கற மலையைத் தாங்கும். ஆழம் கூடக்கூடத் தூணும் பெருசாகணும். 4.8 மீட்டர் பாதைக்கு, 360 மீட்டருக்குக் கீழ போயிட்டா, ஒரு தூணோட நடுவுலிருந்து அடுத்த தூணோட நடுவுக்கு 48 மீட்டர் வேணும்.

உங்க கதைக்கு வேண்டியது அடுத்த கட்டத்துல இருக்கு. பாதை வெட்டி முடிச்ச பிறகு, நிக்கற தூணையே வெட்டி எடுப்பாங்க. உள்கோடியில ஆரம்பிச்சு வாசலைப் பார்த்துப் பின்வாங்கிட்டே வரணும். தூண் போன இடத்துல கூரை விழும், விழத்தான் வேணும். விழுந்த அந்த இடத்துக்கு கோஃப்னு பேரு. கூரை கொஞ்சம் கொஞ்சமா விழுந்துட்டே இருந்தா நல்லது. பாறை கெட்டியா இருந்து விழாம நின்னுட்டாத்தான் ஆபத்து. பாரமெல்லாம் மிச்சத் தூண் மேல ஏறும், ஓரம் பொரிஞ்சு கரி தெறிக்கும். அப்புறம் ஒரே வீச்சுல இறங்கும்போது கோஃப்ல இருந்த காத்து புயலாட்டம் வெளிய வந்து ஆளைத் தூக்கி அடிக்கும். கல்லு ஒண்ணுகூட மேல படாமயே சாவு நடக்கும்.

கூரையைச் சோதிக்கறது ரொம்பச் சின்ன வேலை. கம்பியால தேங்காயைத் தட்டிப் பாக்கற மாதிரி தட்டுவாங்க. கணீர்னு கேட்டா பாறை ஒட்டியிருக்கு, பொத்துனு கேட்டா பிரிஞ்சிருக்கு. சால் மரத்து முட்டு குடுத்திருந்தா, முறியறதுக்கு முன்னாடி அது கிரீச்சுனு கத்தும். இரும்பு முட்டு வந்த பிறகும் பழைய ஆளுங்க மரத்தையே நம்பினது அதனாலதான். இன்னைக்குக் கூரையில துளை போட்டு இரும்பு போல்ட் இறக்கி இறுக்கறாங்க, அது கத்தாது. எங்களைக் கேட்டா, ஒரு அத்தியாயத்துக்குத் தேவையான பயம் இந்தச் சத்தத்துலயே இருக்கு.

வெடிப்பு வேணாம்னு நாங்க சொல்றது இதனாலதான். அது நிஜத்துல நடக்கும், ஆனா காரணம் சேர்றதுக்கு நேரம் பிடிக்கும். கரியிலிருந்து கசியற மீத்தேன் வாயு காத்தைவிட லேசு, கூரையில போய்த் தேங்கும். காத்துல 5-லிருந்து 15 சதவீதம் இருந்தாத்தான் வெடிக்கும். அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1.25 சதவீதத்துலயே, ஆளுங்களை வெளிய எடுக்கணும்னு விதி. ஷிஃப்டுக்கு முன்னாடி சர்தார்ங்கற மேற்பார்வையாளர் போய் வாயு பாத்துட்டு வரணும். அப்ப உங்க கதையில வெடிச்சா, அதுக்கு முன்னாடி மூணு நாலு பேர் வேலையைச் சரியாச் செய்யாம விட்டிருக்கணும்: ஃபேன் நின்னிருக்கும், காத்துத் தடுப்புத் திரை கிழிஞ்சிருக்கும், சர்தார் போகாமயே ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்தை எழுதுங்க. இன்னொண்ணு, முதல் வெடிப்புல எழும்பற கரித்தூள்தான் பெருசா பத்தும், பல சமயம் அதிக உயிரை எடுக்கறதும் அதுதான். அதைத் தடுக்கத்தான் பாதை முழுக்கச் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி வெப்பாங்க. அந்தச் சுரங்கத்துச் சுவர் வெள்ளையாத்தான் இருக்கும், கறுப்புன்னு எழுதிராதீங்க.

தண்ணியும் கொல்லும். 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கம் சாஸ்நாலாவுல பெருவெள்ளம் உள்ள புகுந்து 375 பேர் செத்தாங்க. 2018 டிசம்பர்ல மேகாலயாவுல, ஆள் தவழ்ந்து போற பொந்தாட்டம் தோண்டற எலிவளைச் சுரங்கத்துல 15 பேர் மாட்டினதும் தண்ணியாலதான். அந்த முறைக்கு 2014-லயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டிருந்துச்சு.

(திரையில்: ஜாரியாவுல விரிசல் வழியா புகை வர்ற தரை.)

ஆனா ஒண்ணு, இன்னைக்கு நம்ம நாட்டுக் கரியில 90 சதவீதத்துக்கு மேல திறந்தவெளிச் சுரங்கத்துலிருந்து வருது. அங்க ஹீரோ 100 டன் டம்பர் ஓட்டுவான், வில்லன் தூசி. 5 மைக்ரானுக்குக் கீழ இருக்கற துகள் நுரையீரலோட அடி வரைக்கும் போய்த் தங்கும், வருசக்கணக்குல தழும்பாகும், மூச்சு சுருங்கும், பழைய நிலைக்குத் திருப்ப மருந்தில்லை. ஜாரியாவுல நிலத்தடித் தீயை 1916-லயே கண்டுபிடிச்சாங்க, இன்னும் எரியுது. பத்த வைக்க யாரும் வேண்டாம். விட்டுட்டுப் போன கரியில காத்து படும், ஆக்சிஜனோட சேர்ந்து சூடாகும், சூடு வெளிய போக வழியில்லாம தானாப் பத்திக்கும். மேல தரை இறங்கி விரிசல் விடும், விரிசல் வழியா இன்னும் காத்து போகும்.

சரி, நம்மூருக்கு வாங்க. கொங்குல கரி தோண்டறதில்லைன்னாலும் கரியோட கடைசிப் பாதி இங்கதான் நடக்குது. எழுத ஆளில்லாம கிடக்கறதும் அதுதான்.

ஒடிசாக் கரி பாரதீப்ல கப்பலேறி, எண்ணூர்ல இறங்கி, ரயில்ல மேட்டூர் வருது. மின் நிலையம் 210 மெகாவாட் நாலும் 600 மெகாவாட் ஒண்ணுமா மொத்தம் 1,440. முழு வேகத்துல ஒரு நாள் ஓடுச்சுன்னா சுமார் மூணரைக் கோடி யூனிட். யூனிட்டுக்கு 700 கிராம்னு வெச்சா 24,000 டன் கரி. ஒரு ரயிலுக்கு 4,000 டன்னுன்னா ஆறு ரயில். நம்ம நாட்டுக் கரியில மூணுல ஒரு பங்குக்கு மேலயே சாம்பல். அப்ப ஒரே நாள்ல 8,000 டன்னுக்கு மேல சாம்பல் மிஞ்சுது. அதுல அஞ்சுல நாலு பங்கு பறக்கற சாம்பல், மிச்சம் கொதிகலனுக்கு அடியில விழற கனமான சாம்பல். பறக்கறதை மின்தகட்டுல பிடிச்சு, பல்கர் லாரியில சிமென்ட் ஆலைக்கும், மூட்டையில ஃப்ளை ஆஷ் கல்லு சூளைக்கும் அனுப்பறாங்க. சூளைன்னு பழக்கத்துல சொல்றோம், அங்க சுடறதே இல்லை. சாம்பலோட சிமென்டும் கிரஷர் தூளும் கலந்து அழுத்தி, தண்ணி விட்டு ஆற வெப்பாங்க.

போகாத சாம்பல் தண்ணியில கரைஞ்சு குழாய் வழியாக் குளத்துக்குப் போகும். குளம் ஈரமா இருக்கற வரைக்கும் சத்தமில்லை. மேல்பரப்பு காய்ஞ்சு, ஆடிக் காத்தும் வந்துச்சுன்னா பறக்கும். அடியில சரியாத் தடுப்பு போடலைன்னா ஆர்சனிக், போரான் மாதிரி சமாச்சாரம் நிலத்தடித் தண்ணிக்கு இறங்கும். கதைக்குக் கிணறு வேணும்னா குளத்துக்குக் கீழ்ச்சரிவுல வைங்க, மேட்டுல வெச்சா தண்ணி ஏறி வராது. கிணத்துத் தண்ணி நெறம் மாறுச்சுன்னும் எழுதாதீங்க, ஆர்சனிக்குக்கு நெறமும் இல்லை, ருசியும் இல்லை. "ஏனுங்க மாமா, தண்ணி நல்லாத்தானுங்களே இருக்குது?"ன்னு மருமகன் கேட்டா மாமனாருக்குப் பதில் இருக்காது. லேப் ரிப்போர்ட்டுக்குத்தான் பதில் இருக்கும்.

இன்னொரு களம் கோயமுத்தூர் ஃபவுண்டரி. இரும்பு உருக்கற குபோலா உலையில எரியற கோக் காத்தில்லாமச் சுட்ட கரிதான். அடியில கோக் படுக்கை, மேல இரும்பு, கோக், சுண்ணாம்புக்கல்னு அடுக்கு அடுக்காக் கொட்டுவாங்க. மேல வர்ற புகையில கார்பன் மோனாக்சைடு பத்து சதவீதத்துக்கு மேலயே இருக்கும். வாசனையும் நெறமும் கிடையாது. உலைவாய் பக்கத்துல சரக்குக் கொட்டறவனுக்கு முதல்ல தலைவலி, அப்புறம் கால் துவளும், அதுக்கப்புறம் தானா இறங்கி வர முடியாது. அவனைத் தூக்க முகமூடியில்லாம மேல ஏறறவன்தான் அடுத்து விழுவான். சுரங்கத்துல வெடிப்புக்குப் பிறகு ஆளைக் கொல்ற வாயுவும் இதுதான். இப்பப் பல ஃபவுண்டரி கரண்டுல ஓடற இண்டக்‌ஷன் உலைக்கு மாறிட்டாங்க. அந்தக் கரண்டுல ஒரு பங்கு வர்றதும் கரியிலிருந்துதான், அது வேற.

கடைசியா ஒரு தேதி விசயம். நிலத்தடியில பொம்பளைங்க கரி வெட்டற காட்சி வெச்சிருந்தா வருசத்தைப் பாருங்க. 1952 சுரங்கச் சட்டம் அதைத் தடுத்துச்சு, 2019-லதான் நிபந்தனையோட திறந்துவிட்டாங்க, அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் மாதிரி வேலைக்கு. 1960-ல உங்க கதாநாயகி கூடை சுமக்கணும்னா மேல, கரி கொட்டற மேட்டுல சுமக்கட்டும்.