காலண்டர் தேர்ந்தெடுக்கும் கேள்வி

வணக்கம் நேயர்களே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ராத்திரி எந்நேரம் போனாலும் முதலில் உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு 'பிஜி', அதாவது எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்கும் டாக்டர். டூட்டி பார்ப்பதோடு அவர் ஓர் ஆய்வும் செய்து தீசிஸ் கொடுத்தாக வேண்டும்.

அதற்கு நேரமில்லை என்பார்கள். நிஜம்தான். வாரம் 48 மணி நேர வேலை என்று பிஜிக்களின் வேலை விதிகளைச் சொல்லும் மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியதோடு சரி.

ஆனால் அதைவிடப் பெரிய தடை காலண்டர் என்பேன். படிப்பு 3 வருடம். தலைப்பு முடிவாகி, ஆய்வால் நோயாளிக்குப் பாதிப்பு வராதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். தேர்வுக்கு 6 மாதம் முன்பே தீசிஸைக் கொடுக்க வேண்டும். நடுவில் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி. எழுதுகிற காலத்தையும் கழித்தால், தகவல் சேகரிக்க ஒன்றரை வருடம் கிடைப்பதே பெரிய விஷயம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஐந்து வருடம் கழித்து எப்படி நடக்கிறார் என்று ஒரு பிஜி கேட்கவே முடியாது. ஆறு மாதத்தில் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார்.

சரி, பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டலாமே? புரட்டினால் சர்க்கரை அளவு இருக்கும். எத்தனை வருடமாகச் சர்க்கரை என்பது பல சமயம் இருக்காது. அதை எழுதியவரும் தூக்கம் கெட்ட இன்னொரு பிஜிதானே!

ஆய்வு முறைகளைக் கற்பிக்க சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்தில் ஒரு படிப்பு நடத்துகிறது. பிஜிக்கள் கட்டாயம் முடிக்க வேண்டும். நல்ல படிப்பு. ஆனால் அது காலண்டரை நீட்டாது. ஒரு துறை ஒரே கேள்வியைப் பல வருடம் விடாமல் பிடித்துக்கொண்டால் நீட்டலாம். சீனியர் சேர்த்த நோயாளிகளை ஜூனியர் தொடர்ந்து பார்ப்பார். ஆளுக்கொரு பகுதி அவரவர் தீசிஸ் ஆகும். இப்போதோ சீனியர் போனதும் அவர் கேள்வியும் போய்விடுகிறது.

உங்களிடம் ஒரு பிஜி ஒப்புதல் படிவத்தை நீட்டினால், என்ன ஆய்வு என்று கேளுங்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம், சிகிச்சை குறையாது. சம்மதித்தால், எடுக்கிற போன் நம்பராகக் கொடுங்கள். பல ஆய்வுகள் 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற பதிலில்தான் நொண்டுகின்றன.