முதல் சம்பளத்தைக் கேட்காதீர்கள், முதல் வார்டைக் கேளுங்கள்

(கோபிச்செட்டிபாளையத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் வந்திருந்த கூட்டத்தில் செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சம்பளத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். நீங்கள் வந்திருப்பதும் அதைத் தெரிந்துகொள்ளத்தான். சேவை மனப்பான்மை பற்றி அரை மணி நேரம் பேசினால் பின்வரிசை முழுக்க டீக்கடைக்குப் போய்விடும்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம் படித்துவிட்டு ஈரோட்டிலோ திருப்பூரிலோ நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்கிற பெண்ணுக்கு, பல இடங்களில் முதல் சம்பளம் 15,000 ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. கோவையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கொஞ்சம் கூடும். சின்ன ஊர் நர்சிங் ஹோமில் இன்னும் இறங்கும். அதே படிப்பை வைத்துக்கொண்டு எய்ம்ஸில் நர்சிங் ஆபீசராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அகவிலைப்படி, வாடகைப்படி, செவிலியர் படி எல்லாம் சேர்ந்து, பிடித்தம் போகக் கைக்கு 70,000க்கு மேல் வரும். படிப்பு ஒன்று, வருமானம் மட்டும் நாலு மடங்கு வித்தியாசம். "நர்சுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டதும் யாராவது யோசிக்காமல் ஒரே ஒரு தொகையைச் சொன்னால், அவர் அட்மிஷன் ஏஜென்டா என்று முதலில் விசாரியுங்கள்.

அந்த 15,000, 16,000 என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் சம்பளச் சீட்டு வாங்கிப் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உங்களுக்கு இது புதிதல்ல. சீட்டில் மேலே 16,000 என்று இருக்கிறது, அதில் அடிப்படை 10,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைக்கு 12 சதவீதம் பி.எஃப்., 1,200 போகும். மொத்தத்துக்கு முக்கால் சதவீதம் இ.எஸ்.ஐ., 120 போகும். ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 3,000 பிடித்தால் கையில் 11,680. பி.எஃப். பிடிக்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும், அது உங்கள் மகளின் பணம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவுமே பிடிக்காமல் முழுத் தொகையையும் கவரில் போட்டுக் கொடுக்கிற இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். இன்னொன்று, நிர்வாகம் போட வேண்டிய பங்கையும் சேர்த்தே "சம்பளம் 18,000" என்று சொல்கிற இடங்களும் உண்டு. சேரும்போதே "கைக்கு எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு குறைவு? 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது, ஜகதீஷ் பிரசாத் குழு. தனியார் மருத்துவமனையில் 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதம் குறைவாக, 50க்கு மேல் என்றால் 25 சதவீதம் குறைவாக, அதற்கும் சின்ன மருத்துவமனை என்றாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மாநிலங்கள்தான் சட்டமோ உத்தரவோ போட்டு அமல்படுத்த வேண்டும், பெரும்பாலான இடங்களில் அங்கேயே நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்துச் சிறு நகரங்களில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே மாடியில் போர்டு மாட்டி, ஆறு மாதம், ஒரு வருடம் என்று 'நர்சிங் சான்றிதழ்' கொடுக்கிறார்கள். அதைப் படித்த பிள்ளையால் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. ஆனால் அதே யூனிபார்மைப் போட்டு, பாதிச் சம்பளத்தில் வார்டில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் எதிர்காலம் இல்லை, முறையாகப் படித்தவளின் சம்பளமும் ஏறுவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்புறம் எதற்கு நர்சிங் என்கிறீர்களா? முதல் மூன்று வருடத்தில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் இந்தத் தொழிலில் அடுத்த முப்பது வருடச் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஐ.சி.யூ.வில் காலை ஏழரை மணி. நைட் டூட்டி முடிக்கிற பெண் அடுத்து வருபவளிடம் ஒப்படைக்கிறாள். "நாலாம் பெட், வென்டிலேட்டர். நார்அட்ரினலின் மணிக்கு அஞ்சு மில்லி ஓடுது. ராத்திரி முழுக்க யூரின் 200 தான். மூணு மணிக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், பம்ப் ரேட் மாத்தினாரு, எழுதியிருக்கு." இவ்வளவுதான் பேச்சு. நார்அட்ரினலின் என்பது ரத்த அழுத்தம் விழாமல் பிடிக்கிற மருந்து. பன்னிரண்டு மணி நேரத்தில் 200 மில்லி என்றால் மணிக்கு 17கூட இல்லை. 30க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். அது தெரிந்து, விடியட்டும் என்று காத்திருக்காமல் மூன்று மணிக்கே டாக்டரை எழுப்பினாளே, அந்தத் துணிச்சலுக்கும் அறிவுக்கும்தான் எல்லா ஊரிலும் விலை. ஊசி போடுவதையும் பிளட் பிரஷர் பார்ப்பதையும் மட்டும் மூன்று வருடம் செய்தவளிடம் அது வராது. திறமை குறைவு என்று சொல்லவில்லை, பார்க்க வாய்ப்பே கிடைத்திருக்காது.

அதனால் முதல் வேலை தேடும்போது இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கிற கேத் லேப், பச்சைக் குழந்தைகளுக்கான என்.ஐ.சி.யூ., இதில் ஏதாவது ஒன்றில் நிறுத்துவார்களா என்று கேளுங்கள். வெளிநாட்டு இன்டர்வியூவில் மதிப்பெண்ணைவிட இதைத்தான் துருவுகிறார்கள். எந்த வார்டு, எத்தனை பெட், எத்தனை வென்டிலேட்டர், ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி. வேலையை விடும்போது வாங்குகிற அனுபவச் சான்றிதழில் வார்டின் பெயர் இருக்க வேண்டும். "எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அது எதற்கும் உதவாது. அப்படியே, ஒரிஜினல் மார்க்ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் சேராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

அரசு வேலைக்கு வருவோம். மாநிலத்தில் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. இதில் பொறுமை வேண்டும். 2015இல் தேர்வெழுதிப் பல ஆயிரம் பேரோடு போட்டி போட்டு வந்தவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கும். அதன் பிறகு தொகுப்பூதியம் 14,000, 18,000 என்று ஏறியது. காலியிடம் வர வர நிரந்தரமாக்குகிறார்கள், நிரந்தரமாகிவிட்டால் அப்புறம் கவலையில்லை. எய்ம்ஸ் தேர்வுக்கு நார்செட் என்று பெயர். முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். பி.எஸ்சி. முடித்தவுடன் எழுதலாம். டிப்ளமோ படித்தவர்கள் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவத்தோடு எழுதலாம். இந்தத் தேர்வுக்கு ராஜஸ்தானிலும் கேரளத்திலும் இறுதியாண்டிலேயே பிள்ளைகள் தயாராகிறார்கள். நம் பிள்ளைகள் பேர் தெரியாமலே நாலு வருடத்தை முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆற்றாமை. ஜிப்மர் பாண்டிச்சேரியில்தான் இருக்கிறது, அங்கேயும் இதே சம்பள நிலைதான்.

ராணுவ நர்சிங் சர்வீஸும் இருக்கிறது. அங்கே செவிலியர் லெப்டினன்டாக, அதிகாரியாகவே சேர்கிறார். துணிந்த பெண்கள் விசாரித்துப் பாருங்கள்.

வீட்டுப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்பவர்களுக்கு நம் கொங்கு நாட்டில் வேறு ஊரில் அவ்வளவாக இல்லாத சில வழிகள் உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் முதலுதவி அறையும் அதற்குச் செவிலியரும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டும் இதைக் கேட்கிறது. பகல் டூட்டி, ஞாயிறு லீவு. சம்பளம் பெரிதாக ஏறாது, ஆனால் கைக்குழந்தைக்காரிகளுக்கு ஏற்ற வேலை. கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் அமெரிக்காவில், அப்பா அம்மா இங்கே. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளப் படித்த நர்ஸ் கிடைக்காமல் தேடுகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு நர்ஸ், என்.ஏ.பி.எச். என்கிற மருத்துவமனைத் தரச் சான்றிதழுக்கான வேலை, இன்ஷூரன்ஸ் பிரிவு என்று படுக்கையருகில் நிற்காத வேலைகளும் இருக்கின்றன. ஆனால் வார்டில் ஐந்தாறு வருடம் நின்ற பிறகு போனால்தான் அங்கே மதிப்பு. எம்.எஸ்சி. முடித்து எங்களைப் போல வாத்தியார் வேலைக்கு வரலாம். பணத்துக்காக மட்டும் வர வேண்டாம் என்று வாத்தியாராகவே சொல்கிறேன்.

இப்போது வெளிநாடு. முன்வரிசையில் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது.

இங்கிலாந்து போக ஆங்கிலத் தேர்வு, அப்புறம் கணினித் தேர்வு, அங்கே போனதும் செய்முறைத் தேர்வு. சில வருடம் முன்பு அள்ளி அள்ளி எடுத்தார்கள், இப்போது வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஜெர்மனி கதவு திறந்திருக்கிறது. அங்கே முதியோர் பராமரிப்பில் தகுதி பெற்ற செவிலியருக்கு 2025 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20.50 யூரோ ஆனது. இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். வரியும் காப்பீடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வாடகை தனி. பி2 என்கிற மொழித் தேர்வு நிலை வரை ஜெர்மன் படித்து, நம் படிப்பை அவர்கள் அங்கீகரிக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான். மொழிக்கு ஒரு வருடம் உட்கார்ந்து படிக்கிற பொறுமை இருந்தால் போகலாம். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்கிற லைசென்ஸ் தேர்வு பாஸானாலும் விசாவுக்கு வருடக்கணக்கில் வரிசை. அரபு நாடுகளுக்கு இரண்டு வருட அனுபவமும் அந்தந்த நாட்டு லைசென்ஸ் தேர்வும் போதும், அதனால்தான் நம்மவர்கள் முதலில் அங்கே போகிறார்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். கேரளத்தில் குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய ஓர் ஏஜென்சி 19.5 லட்சம் வாங்கியதாக 2015இல் சி.பி.ஐ. வழக்கே வந்தது. அந்த வருடம்தான் குவைத், சவுதி மாதிரியான நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நமக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. தோட்டத்தை அடமானம் வைத்து அஞ்சு லட்சம் கொடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரி தேர்வு செய்வதைப் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் அடி போர்வெல் போடுகிறவர் நீரோட்டம் பார்க்காமல் லாரியைக் கூப்பிட மாட்டார். நாலு வருடப் ஃபீஸ் அதைவிடப் பெரிய செலவு. அந்தக் கல்லூரி இந்தியன் நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் மாநிலக் கவுன்சில் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிள்ளைகளைப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். சொந்த மருத்துவமனை என்று காட்டினால் மத்தியானம் மூன்று மணிக்குச் சும்மா போய் வார்டைச் சுற்றிப் பாருங்கள். படுக்கையெல்லாம் காலியாக இருந்தால் அங்கே கற்றுக்கொள்ள நோயாளி இல்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். பி.எஸ்சி.க்கு அறிவியல் பாடங்கள் வேண்டும். மூன்று வருட டிப்ளமோவான ஜி.என்.எம்.முக்குக் கலைப் பிரிவினரும் வரலாம், பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்து பி.எஸ்சி. ஆகிக்கொள்ளலாம். ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பிள்ளைகள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பியுங்கள். தமிழ்ப் புதல்வன் 2024இல் நம் கோவையில்தான் தொடங்கியது.

சீட்டு எழுதிக் கொடுத்த கேள்விகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "பையனைச் சேர்க்கலாமுங்களா?" தாராளமாகச் சேர்க்கலாம். எய்ம்ஸில் நூற்றுக்கு எண்பது இடம் பெண்களுக்கு என்பதால் ஆண்களுக்குப் போட்டி கடுமை. ஆனால் ஐ.சி.யூ., அவசர சிகிச்சை, டயாலிசிஸில் எங்கும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஒரு அப்பா எழுதியது: "நைட் டூட்டி போற புள்ளைக்கு மாப்பிள்ளை அமையுமுங்களா?" அய்யா, இந்த ஊரில் ராத்திரி ஷிப்ட் ஓட்டாத விசைத்தறி உண்டா, ஸ்பின்னிங் மில் உண்டா? அங்கேயும் பெண்கள்தான் நிற்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்காதீர்கள், மாதத்தில் எத்தனை நைட் வரும், அடுத்த ஐந்து வருடத்தில் என்ன படிக்கப் போகிறாள், வெளிநாடு போவாளா என்பதை நிச்சயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்குகிற வீடு பின்வாங்கட்டும். என் மாணவிகளில் சம்பளம் ஏறாமல் நின்றுபோனவர்களில் பாதிப் பேர் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு "பகல் டூட்டி இருந்தா மட்டும் போ" என்று சொல்லப்பட்டவர்கள்.

மீதிச் சீட்டுகளை அந்த மேஜைக்குக் கொண்டு வாருங்கள், தனித்தனியாகப் பேசலாம். மார்க்ஷீட் நகல் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.