பால் சுரக்கும் நாளில் ஒரு திருநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் வாழ்ந்த பழைய கெல்டிக் மக்களின் பருவத் திருவிழாக்கள் என்றதும் இப்போது பலருக்கும் நிலாவும் மந்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன. பெண் இயற்கையோடு ஒன்றியவள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அயர்லாந்தின் நாட்டுப்புற வழக்கங்களைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பேச்சில் திருப்தி இல்லை. அங்கே பெண்ணையும் பருவத்தையும் சேர்த்துக் கட்டியது கறவை மாடு. பால் கறப்பதும் வெண்ணெய் எடுப்பதும் அவள் பொறுப்பு.

பிப்ரவரி 1, இம்போல்க் என்ற பழைய திருநாள். பிறகு அதுவே அயர்லாந்தின் பெண் புனிதர் பிரிஜிட்டின் நாளானது. குளிர் இன்னும் விட்டிருக்காது. ஆனால் சினை ஆடுகள் மடி விடத் தொடங்கிவிடும். குளிர்காலம் முழுக்கப் பாலுக்குத் தட்டுப்பாடான வீட்டில் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! முந்தின இரவு ஒரு துணியை ஜன்னலிலோ புதர் மேலோ போட்டு வைப்பார்கள். பிரிஜிட் அந்த வழியாக வருவாள், துணியைத் தொட்டு ஆசீர்வதிப்பாள் என்பது நம்பிக்கை. பிறகு அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். தலைவலிக்குத் தலையில் கட்டுவார்கள். பிரசவ வலி எடுத்தவளுக்கும் அதுதான், கன்று போடச் சிரமப்படும் பசுவுக்கும் அதுதான். இரண்டு தாய்களுக்கும் ஒரே துணி என்பது என்னை நெகிழ வைக்கிறது.

அப்புறம் மே 1, கோடை தொடங்கும் பெல்டேன் திருநாள். மாடுகளை மேட்டு நிலத்து மேய்ச்சலுக்கு ஓட்டும் காலம். பல இடங்களில் இளம்பெண்கள்தான் கூடவே போய், சிறு குடிசைகளில் தங்கி, பால் கறந்து வெண்ணெய் கடைந்தார்கள். மேற்கே அகில் தீவில் அந்தக் குடிசைகளின் இடிந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். மே நாளில் பாலையோ நெருப்பையோ வெளியே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வெண்ணெய் யோகமும் கூடவே போய்விடும் என்ற பயம். வெண்ணெய் விற்ற காசில் குத்தகை கட்டிய வீடுகளில் இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் அக்கம்பக்கத்து வெண்ணெயை மந்திரத்தால் களவாடுகிறாள் என்ற பழி பெரும்பாலும் பெண்கள் மேல்தான் விழுந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்டில் லூனசா, அறுவடை தொடங்கும் விழா. நவம்பர் 1, குளிர்காலம் தொடங்கும் சவின் திருநாள். அதற்குள் மாடுகள் வீடு திரும்பிவிடும்.

1889இல் லிமரிக் பகுதியின் டிரம்காலகர் ஊரில் அயர்லாந்தின் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை வந்தது. அதன் பின் ஊர் ஊராக ஆலைகள். அங்கே வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுத் தாழி மெல்ல ஓய்ந்தது. வெண்ணெய்க் காசும் பெண்ணின் கையை விட்டுப் போனது.

2023 முதல் பிரிஜிட் நாளுக்காக அயர்லாந்தில் பொது விடுமுறை விடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியே. அந்த நாளில் பிள்ளைகள் கோரையில் பிரிஜிட் சிலுவை பின்னும்போது, கறந்து கடைந்த பெண்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவை டப்ளினில் தேசிய நாட்டுப்புறத் தொகுப்பில் இருக்கின்றன. இணையத்திலும் படிக்கலாம்.

நன்றி, வணக்கம்.